இதுக்கு யாரு பேசறா?

அவர் எந்தப் பொருளையும் சும்மா தூக்கி எறிந்து நான் பார்த்ததில்லை. ஓட்டை வாளியோ, விருந்தாளி விட்டுப்போன ஒற்றைச் செருப்போ, முதலில் கையில் தூக்கிப் பிடிப்பார். நாங்கள் எல்லோரும் பார்க்கும்படி ஒரு சுற்றுக் காட்டுவார். பிறகு கேட்பார்.

"இதுக்கு யாரு பேசறா?"

யாராவது பேசினால் அது இருக்கும். இல்லாவிட்டால் போய்விடும். நடுவில் வேறு வழி கிடையாது.

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்காகவும் எழுதுகிறேன். பெரியவள் மூன்றாவது, சின்னவன் ஒன்றாவது. இப்போது படித்தால் பாதிதான் புரியும். மீதியை வளர்ந்தபின் படித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் குறை இருக்கும். நடந்ததில் எதையும் கூட்டவோ குறைக்கவோ இல்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எங்களுக்கெல்லாம் அவர் மதாம். கடற்கரையை ஒட்டிய தெரு ஒன்றில் மஞ்சள் சுவர் வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, ஏழு அறைகளில் விருந்தாளிகளைத் தங்கவைத்தார். பிரெஞ்சு நன்றாகப் பேசுவார், படிப்பார். ஆனால் பிரெஞ்சுக்காரர் இல்லை. காய்கறிக்காரர் ஒருமுறை "இங்கிலீஷ்காரம்மா" என்று கூப்பிட்டுவிட்டார். மதாம் கூடையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்தார்.

"நான் ஸ்காட்லாந்து. இன்னொரு வாட்டி இங்கிலீஷ்காரின்னு சொல்லு, இத உன் வாயிலயே வெச்சி அடைப்பேன்."

அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது வைத்திக்குப்பத்து மீன்காரப் பெண்கள். காலையில் மீன் வாங்கப் போய், பேரம் பேசிப் பேசியே கற்றுக்கொண்டது. அதனால் அவர் தமிழில் 'நீங்கள்' என்ற சொல்லே இல்லை. போலீஸ் அதிகாரி வந்தாலும் 'நீ'தான், 'இன்னா'தான்.

வயது அறுபதுக்கு மேல். மெலிந்த உடம்பு. முழங்கை எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். நீலத் துணியில் பெரிய பை வைத்துத் தைத்த முன்கட்டு ஒன்று எப்போதும் இடுப்பில் இருக்கும். முதலாளி என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. எங்களோடு சேர்ந்து தரையில் மண்டிபோட்டுத் துடைப்பார். துடைத்துத் துடைத்து இரண்டு முட்டியும் காய்த்துப்போயிருந்தன. அந்த வீட்டில் அவரைவிட நன்றாகச் சுத்தம் செய்யத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதுதான் எங்களுக்கு வந்த கேடு.

நான் சேர்ந்த முதல் நாள், மூன்றாம் அறையைக் கழுவச் சொன்னார். பினாயில் போட்டு இரண்டு தடவை கழுவினேன். கண்ணாடி போல இருந்தது.

"முடிச்சியா?"

"முடிச்சிட்டேன் மதாம்."

தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினார். மண்டிபோட்டார். சுவரும் தரையும் சேரும் இடுக்கில் ஊசியை வைத்து, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். எழுந்து வந்து ஊசியைக் காட்டினார். நுனியில் கறுப்பாக ஒரு கோடு அழுக்கு. அதை என் சட்டைப்பையில் துடைத்தார்.

"இது உன்னுது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நீ கழுவின. ரெட் பண்ணல."

அந்தச் சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். பிறகு ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் ஐந்து நாள் விருந்தாளிகளே வரவில்லை. குசினியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். நான், சமையல்காரர், பாத்திரம் கழுவும் லூர்து அக்கா, வாசலில் இருக்கும் வாட்ச்மேன் பெரியவர். வீட்டு ஆட்கள் அவ்வளவுதான். மதாம் தடிமனான ஒரு பழைய அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டை பிய்ந்து தொங்கியது.

"உக்காந்து கேளுங்க. ரெட்."

"சிவப்பா மதாம்?" என்றார் சமையல்காரர்.

"உன் மூஞ்சி. இது எங்க ஊரு வார்த்தை. உங்க பள்ளிக்கூடத்து இங்கிலீஷ்ல இருக்காது."

விரலை வைத்துப் படித்துப் படித்துச் சொன்னார். சாப்பிட்ட மேசையை ஒழித்தால் ரெட். அடுப்பில் சாம்பல் வாரினால் ரெட். தலையில் சிக்கெடுத்தால் அதற்கும் அதே சொல், சீப்புக்கே அந்தப் பெயரில் ஒரு பெயர். தொண்டையைச் செருமிச் சரிசெய்தாலும் அதுதான். இரண்டு நிலத்துக்கு நடுவில் எல்லைத் தகராறு தீர்த்து வைத்தால் அதுவும். அவர் ஊர் ஆற்றில் ஒரு மீன் இருக்கிறதாம். முட்டை போடும் காலத்தில் வாலால் கூழாங்கல்லை ஒதுக்கி ஒதுக்கி ஒரு குழி செய்யுமாம். அந்தக் குழிக்கும் ரெட் என்றே பெயர். சண்டை போடும் இரண்டு பேரை விலக்கி விடுவதும் அந்தச் சொல்தான்.

"எல்லாத்துக்கும் மூத்த அர்த்தம் ஒண்ணு இருக்கு," என்றார் மதாம். "எதிரி கையில மாட்டினவன மீட்டுக் கொண்டாரது. காப்பாத்தறது."

லூர்து அக்கா பூண்டை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அக்கா படிக்காதவர். ஆனால் ஒரு கேள்வி தோன்றினால் கேட்காமல் விடமாட்டார்.

"காப்பாத்தறதும் குப்பை கொட்டறதும் எப்படி மதாம் ஒண்ணாவும்?"

"ரெண்டு பழைய வார்த்தை. ஒண்ணு காப்பாத்தறது, ஒண்ணு எடத்தக் காலி பண்றது. பேசிப் பேசி ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடுச்சின்னு சொல்றாங்க. படிச்சவங்களுக்குள்ளயே இன்னும் தகராறு." அகராதியை மூடினார். "எனக்குத் தகராறு இல்ல. அறையிலிருந்து குப்பைய எடுத்தா, அறைய மீட்டாச்சு."

"அந்தக் குப்பையக் கேட்டா?"

"குப்பையக் கேட்டா அது வேற சொல்லும்."

எல்லோரும் சிரித்தோம். மதாமும் சிரித்தார். எனக்கு அவரை மிகவும் பிடித்திருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். காய்ச்சல் என்று நான் படுத்தபோது ஆட்டோ பிடித்து மூலக்குளத்தில் நாம் அப்போது குடியிருந்த வீட்டுக்கே வந்தார். கஞ்சி கொண்டுவந்தார். கஞ்சியைக் கொடுத்துவிட்டு உங்கள் அம்மாவின் அலமாரியைத் திறந்து, எல்லாவற்றையும் வெளியே போட்டு, அடுக்கிவிட்டுத்தான் போனார். உங்கள் அம்மா அழுதாள். அலமாரி என்னவோ அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அழகாக இருந்ததில்லை.

சண்டை விலக்கியதையும் கண்ணால் பார்த்தேன். வாட்ச்மேன் பெரியவர் அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப்பாலம் தாண்டி சைக்கிளில் வருபவர். ஒரு கண்ணில் புரை. ஒருநாள் மதியம் அவருக்கு என்று எடுத்துவைத்த மீன் துண்டைச் சமையல்காரர் பூனைக்குப் போட்டுவிட்டார்.

"நான் பூனையவிடக் கேவலமாடா?" என்று பெரியவர் கத்தினார்.

"பூனையாவது எலி பிடிக்குது. நீ இன்னாத்தப் பிடிச்ச?" என்றார் சமையல்காரர்.

பெரியவர் சட்டையைப் பிடித்தார். சமையல்காரர் கரண்டியை ஓங்கினார். மதாம் நடுவில் புகுந்தார். கரண்டி அவர் புருவத்தில் விழுந்தது. ரத்தம் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக்கூட இல்லை.

"இந்த அடிக்கும் எங்க ஊருல பேரு இருக்கு. விலக்கப் போனவனுக்கு விழற அடி. சண்டையில அதுதான் ரொம்ப வலிக்கும்னு சொல்வாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க."

பிறகு இருவரையும் முற்றத்தில் நிற்கவைத்தார். கூட்ட நாள் என்று தினக்கூலிக்கு வந்திருந்த இரண்டு பையன்களும் நானும் எதிரில் நின்றோம். சமையல்காரரின் தோளில் கையை வைத்து எங்களைப் பார்த்தார்.

"இவனுக்கு யாரு பேசறா?"

எல்லோரும் பேசினோம். கோபக்காரர், ஆனால் மனசு நல்லது என்றோம். உண்மையில் அவர் கைச்சாப்பாடு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கை பெரியவர் தோளுக்குப் போனது.

"இவனுக்கு?"

பெரியவர் தெரிகிற அந்த ஒரு கண்ணால் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். என்னிடம் வந்தபோது நான் குனிந்து கால்விரலைப் பார்த்தேன். லூர்து அக்கா அன்று வேலைக்கு வரவில்லை. வந்திருந்தால் பேசியிருப்பார்.

"சரி வுடுங்க," என்றார் பெரியவர். டார்ச் லைட்டை எடுத்து பெஞ்சில் வைத்தார். "இது உங்களுது." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் பங்கு மீனையும் சேர்த்து நாங்கள் சாப்பிட்டோம். அன்றைக்குச் சாப்பாடு நன்றாகவே இருந்தது.

மதாமின் பெரிய நாள் டிசம்பர் முப்பத்தொன்று. புது வருஷம் வரும்போது வீட்டில் பழைய சாம்பல்கூட இருக்கக் கூடாது என்பது அவர் ஊர் வழக்கம். நம்முடைய போகி போலத்தான், இரண்டு வாரம் முன்னால். அன்று காலையிலிருந்து பரண், சாமான் அறை, படிக்கட்டின் அடி எல்லாவற்றையும் காலிசெய்து முற்றத்தில் பரப்புவோம். நடுவில் ஒரு இரும்பு டிரம், அதில் நெருப்பு. மதாம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேட்பார். பேசாத பொருள் எரிகிறதென்றால் டிரம்முக்கு, எரியாவிட்டால் வாசலுக்கு.

பேசினால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அடுத்த வருஷம் அதே நாளில் அதே பொருள் மறுபடி வரும். வருஷம் முழுக்க அது உபயோகப்பட்டதா என்று பார்ப்பார். இல்லையென்றால் பேசியவரும் பொருளோடு போக வேண்டும். நான் சேர்ந்த வருஷம் தோட்டவேலை பார்த்தவர் அப்படித்தான் போனார். உடைந்த ஏணிக்கு முந்தின வருஷம் அவர் பேசியிருந்தார். ஏணி சாய்த்த இடத்திலேயே சிலந்திக்கூட்டோடு இருந்தது. "ஏணிய எடுத்துக்கிட்டே போ," என்றார் மதாம். அவர் அதைத் தோளில் சுமந்துகொண்டு தெருவில் போனதைப் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளைகள் சிரித்தன.

அதே நாளில் கடைசியாக மதாம் தன் அறையிலிருந்து ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். உள்ளே நாடா கட்டிய கடிதங்கள், ஒரு புகைக்குழாய், கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள்.

"என் புருஷன்," என்றார். "இதுக்கு யாரு பேசறா?"

நாங்கள் என்ன பேச முடியும்? வழக்கமாக மூச்சு விடும் நேரம்தான் காத்திருப்பார். அன்று அதிகம் காத்திருந்தார். லூர்து அக்காவுக்குத் தாங்கவில்லை.

"மதாம், அது உங்களுடைய..."

"அது எனக்கே தெரியும். நீ பேசறியா?"

அக்கா பின்னால் நகர்ந்துகொண்டார். பெட்டி டிரம்முக்குள் போனது. மதாம் கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "டீ போடு," என்றார்.

இப்போது லூர்து அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவின் அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவருடைய குடும்பப் புத்தகம், லிவ்ரே என்பார்கள், அக்காவிடம் இருந்தது. அப்பா, அம்மா, நான்கு பிள்ளைகள் என்று எல்லாப் பெயரும் முத்திரையோடு எழுதியிருக்கும். அதோடு ஞானஸ்நானச் சீட்டு, பட்டாளத்துக் காகிதங்கள். அக்காவின் மகனுக்கு அப்போது பதினேழு. படிப்பில் கெட்டி. அந்தக் காகிதங்களை வைத்து அவனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கிவிட்டால், பாரீசில் இருக்கும் பெரியம்மா வீட்டில் தங்கி மேலே படிக்கலாம். பதினெட்டு முடிவதற்குள் கொடுக்க வேண்டும், அசல் வேண்டும், நகல் கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

அக்கா அதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். வீட்டில் வைக்க முடியாது. புருஷன் குடிகாரர். ஒருமுறை அதில் ஒரு காகிதத்தைச் சாராயத்துக்கு அடகு வைத்துவிட்டார். மீட்டு வருவதற்குள் அக்காவின் உயிர் போய்விட்டது. அதனால் மதாம் வீட்டுப் பரணில், யாருக்கும் தெரியாமல் ஒளித்துவைத்தார். கறையான் வராத, பூச்சி வராத ஒரே வீடு அது என்று அக்கா சொல்வார். வேலையாட்களின் சொந்தச் சாமான் எதுவும் அந்த வீட்டில் இருக்கக் கூடாது என்பது சட்டம். அக்கா செய்தது பிசகுதான்.

இரண்டாயிரத்து ஒன்று, டிசம்பர் கடைசி. அக்கா நேர்த்திக்கடனுக்காக வேளாங்கண்ணிக்குக் கிளம்பினார். போகும் முன் என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் ரெண்டாந்தேதிதான் வருவேன். வந்த கையோட வக்கீல்கிட்ட குடுத்துடுவேன். முப்பத்தொண்ணு அன்னிக்கு டப்பா கீழ எறங்குச்சின்னா எனக்காகப் பேசுப்பா."

"நீங்களே இப்ப எடுத்துட்டுப் போயிடுங்களேன்க்கா."

"எங்க போயி வெக்கிறது? பஸ்ல கொண்டு போயி தொலைச்சிட்டா? நீ பேசுவ இல்ல?"

"பேசறேன்க்கா. நீங்க போயிட்டு வாங்க."

இதை நான் சொன்னேன். என் வாயால் சொன்னேன்.

முப்பத்தொன்றாம் தேதி காலை, முதலில் வந்தது ஒரு பித்தளை அண்டா. போன வருஷம் சமையல்காரர் பேசிய அண்டா. மதாம் உள்ளே கையை விட்டு ஒரு சுற்றுத் தடவினார். விரல் சாம்பல் நிறமாக வந்தது.

"ஈஸ்டருக்குப் பிரியாணி போட்டோமே மதாம், அதுலதான்..."

"தூசிக்குப் பொய் சொல்லத் தெரியாது. அண்டாவ எடுத்துக்கோ."

"மதாம், அன்னிக்கு எனக்கு எல்லாரும் பேசினாங்களே!"

"அது அன்னிக்கு."

நாங்கள் எல்லோரும் சேர்ந்து காப்பாற்றிய மனிதர், இரண்டு கையாலும் அண்டாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். முற்றத்தில் மிஞ்சியது மதாமும் நானும்தான். பெரியவளே, அப்போது நீ உன் அம்மா வயிற்றில் எட்டு மாதம். இதை ஒரு காரணமாக எழுதவில்லை. என் மனதில் அப்போது ஓடியது அது ஒன்றுதான் என்பதற்காக எழுதுகிறேன்.

அரைமணி நேரம் கழித்துப் பிஸ்கட் டப்பா அவர் கைக்கு வந்தது. மூடியைத் திறந்தார். காகிதங்களை எடுத்து நின்றபடியே படித்தார். ஒரு தாள் விடவில்லை. லிவ்ரேயைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஒரு சொல்தா. ஒரு பொண்டாட்டி. நாலு புள்ளைங்க," என்றார். "இதுக்கு யாரு பேசறா?"

நான் பேசினால், ஒளித்துவைத்தது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். அடுத்த டிசம்பருக்குள் அந்தக் காகிதத்துக்கு ஒரு வழி பிறக்காவிட்டால் நானும் அண்டாவைப் போல வாசலுக்குப் போவேன். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன்.

"யாரு பேசறா?"

சுவரைப் பார்த்தேன்.

மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். புருஷனின் பெட்டிக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ அவ்வளவு நேரம். பிறகு காகிதங்களை டிரம்முக்குள் விட்டார். கட்டாகப் போடவில்லை, ஒவ்வொன்றாக. பழைய காகிதம், உடனே பற்றிக்கொண்டது. லிவ்ரேயின் அட்டைதான் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது.

கையில் காலி டப்பா மிஞ்சியது. அதைத் தூக்கிக் காட்டினார்.

"இதுக்கு?"

"நான் பேசறேன் மதாம்," என்றேன். "ஆணி, திருகெல்லாம் போட்டு வெச்சிக்கலாம்."

வாய் எப்படித் திறந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நல்ல பேர் வாங்க வேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம். டப்பா என் கைக்கு வந்தது. சாயங்காலத்துக்குள் ஆணிகளைப் பொறுக்கி அதில் போட்டுவிட்டேன்.

இரண்டாம் தேதி காலை அக்கா வந்தார். முகமெல்லாம் வெயில், மொட்டைத் தலையில் சந்தனம். முந்தானையிலிருந்து ஒரு சின்னப் பாட்டில் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"வேளாங்கண்ணி எண்ணெய். உன் பொண்டாட்டி வயித்துல தடவு. சுகப்பிரசவம் ஆகும்."

பிறகு ஏணி போட்டுப் பரணில் ஏறினார். மேலே துழாவும் சத்தம் கேட்டது. இறங்கி வந்தார். படிக்கட்டின் அடியில் இருந்த டப்பாவைப் பார்த்தார். திறந்தார். ஆணிகளைத் தரையில் கொட்டினார். உள்ளே ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். அடியைச் சுரண்டிக்கூடப் பார்த்தார்.

"தம்பி, நீ அன்னிக்கு இருந்தியா?"

மதாம் மாடிப்படியில் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணி நின்றது.

"இல்லக்கா," என்றேன். "அவளுக்கு வலி மாதிரி இருந்துச்சின்னு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்."

"ஐயோ! இப்ப எப்படிப்பா இருக்கு புள்ளைக்கி?"

அவ்வளவு பெரிய இடி விழுந்த நேரத்தில் அதைத்தான் கேட்டார்.

"இப்ப பரவால்லக்கா."

அக்கா மாடிப்படியை அண்ணாந்து பார்த்தார். "மதாம், இதுல காயிதம் இருந்துச்சி."

"எரிஞ்சிடுச்சி. யாரும் பேசல."

"இந்தத் தம்பி இருந்திருந்தா பேசியிருக்கும் மதாம்."

மதாம் என்னைப் பார்த்தார். அவருக்குச் சாம்பல் நிறக் கண்கள். அதில் கோபம் இல்லை. அந்தக் கொண்டை ஊசி நுனியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "இருந்திருந்தா."

மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று மதியம் மதாம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, அந்த அகராதி. வேறு எதுவும் கிடையாது.

"படிச்சேன். அவ பேரு அதுல இருந்துச்சி. யாருதுன்னு தெரியும்."

"அப்புறம் ஏன் மதாம்?"

"வேளாங்கண்ணி போறதுக்கு முன்னாடி அவ எங்கிட்ட வந்தா. பரண்ல என்னுது ஒண்ணு கெடக்கு, அதுக்கு அந்தத் தம்பி பேசும்னு சொன்னா. சரின்னேன். நீ பேசியிருந்தா வெச்சிருப்பேன்."

"நீங்களே வெச்சிருக்கலாமே."

"எதுக்கு? அவ நம்பினது உன்ன."

முன்கட்டின் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். சாமான் அறை, பரண், ஏழு அறைகள், எல்லாச் சாவியும் அதில் இருந்தது. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கினார்.

"இனிமே எல்லாம் உன் பொறுப்பு. இந்த வேலைக்குப் பேசாதவன்தான் வேணும்."

நான் வாங்கிக்கொண்டேன். பெரியவளே, பத்தொன்பது நாள் கழித்து நீ பிறந்தாய். சுகப்பிரசவம்தான். அந்த எண்ணெயை உன் அம்மா கடைசிச் சொட்டு வரை தடவியிருந்தாள். லூர்து அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னை முதலில் தூக்கியவர்களில் ஒருவர். "அப்பா மாதிரியே நல்ல கொணத்தோட வளரணும்," என்று உன் நெற்றியில் சிலுவை போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அசல் போய்விட்டதால், முத்திரை போட்ட புது நகலை பிரெஞ்சு அரசாங்கத்திடமே கேட்டு வாங்கலாம் என்று வக்கீல் எழுதிப் போட்டார். பதில் வருவதற்குள் மகனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இனிமேல் கஷ்டம் என்றார்கள். அக்கா என் கீழேயே மேலும் இரண்டு வருஷம் பாத்திரம் கழுவினார். தினமும் காலையில் பின்கட்டுச் சாவியை என்னிடம்தான் வந்து கேட்பார்.

மதாம் குத்தகையை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனார். போகும்போது கையில் ஒரே ஒரு பை. அவர் அறையை நான்தான் கடைசியாகத் திறந்து பார்த்தேன். செய்வதற்கு வேலை எதுவும் வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு தலைமுடிகூட இல்லை. ஐந்து வருஷம் ஒருவர் அங்கே குடியிருந்தார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். பிறகு அவர் என்ன ஆனார் என்று தெரியாது. அவரைப்போல ஒரு கொடுமைக்காரியை நான் பார்த்ததில்லை என்று உங்கள் அம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் பாதிதான் சொன்னேன்.

உங்களைத் தினமும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும் ஆட்டோ மாமாவை உங்களுக்குப் பிடிக்கும். கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டால் ஆட்டோ ஓட்டிக்கொண்டே சொல்லித்தருவார் என்று பெரியவள் பெருமையாகச் சொல்வாள். அவருக்கு எப்படி இவ்வளவு கணக்குத் தெரியும் என்று ஒருநாள் என்னைக் கேட்டாய். அவர் லூர்து அக்காவின் மகன்.

போன திங்கட்கிழமை காலை உங்கள் பைகளை ஆட்டோவில் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணா, அம்மாக்கு இப்ப கண்ணு சரியா தெரியல. ஆனா உங்களப் பத்தி மட்டும் பேசிக்கிட்டே இருக்கும். அன்னிக்கு நீங்க மட்டும் அங்க இருந்திருந்தா, நான் இப்ப பாரீஸ்ல இருந்திருப்பேனாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நீங்கள் இருவரும் பின்னால் உட்கார்ந்து, நேரமாகிவிட்டது என்று கத்தினீர்கள்.

"ஆமாம்பா," என்றேன். "ஆஸ்பத்திரியில இருந்தேன்."

ஆட்டோ கிளம்பியது. சின்னவன் பக்கவாட்டில் தலையை நீட்டிக் கையாட்டினான். நானும் ஆட்டினேன்.